ரேணுகாவின் அலுப்பு

ஆடி மாதம் பொன்னியம்மன் கோயிலில் கூழ் ஊற்றி முடித்த மறுநாள் விடிகாலையில், நாகலேரி மேட்டுத் தெருவில் குடியிருந்த ரேணுகா பாயை விட்டு எழுந்தாள். எழுந்த பிறகும் அவள் பாயிலேயே படுத்திருந்தாள். எழுந்தவள் ஒருத்தி, படுத்திருந்தவள் ஒருத்தி. அதே முகம், அதே பூப்போட்ட நைட்டி, இரும்புக் கம்பி உரசி உரசிக் கழுத்தெலும்பின் மேல் காய்த்துப்போன அதே தழும்பு. ரேணுகா குனிந்து பார்த்தாள். இது யாரென்று யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை நாளும் முதுகிலும் முழங்காலிலும் தூக்கிக்கொண்டு திரிந்த அலுப்பு, இனிமேல் முடியாது என்று இறங்கிப் படுத்துவிட்டது, அவ்வளவுதான். "சரி, கெட" என்று சொல்லி, அதற்குப் போர்வையை இழுத்துவிட்டு, பல்லைத் துலக்கிக்கொண்டு பயிற்சிக்குப் புறப்பட்டுப் போனாள். வேறென்ன செய்வாள்? அவளுக்கு நேரமாகிவிட்டது.

இவள் எதற்காக இப்படி ஓடினாள் என்று கேட்டால் நாகலேரியில் பச்சைப்பிள்ளைகூடச் சொல்லும். போன வருஷம் சேலத்தில் நடந்த மாநிலப் பளுதூக்கும் போட்டியில் எண்பத்தைந்து கிலோவைத் தலைக்கு மேலே கொண்டுபோய், கை மடங்கி, முதுகுக்குப் பின்னால் போட்டுவிட்டு மேடையிலேயே உட்கார்ந்து அழுதவள் அவள். கூட வேனில் போயிருந்த பாதித் தெருவும் சேர்ந்து அழுதது. அந்த எடையை ஒரே ஒரு தரம் தலைக்கு மேலே நிறுத்திக் காட்டிவிட வேண்டும், அதற்கப்புறம் எது எப்படிப் போனாலும் பரவாயில்லை என்று ஊர் திரும்பிய அன்றைக்கே பொன்னியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். அன்றிலிருந்துதான் இந்த ஓட்டம். பொழுது விடியும்முன் பயிற்சிக் கூடத்துக்கு ஓடுவது, ஓடி வந்து சமைப்பது, சமைத்துவிட்டு ஷூ கம்பெனிக்குப் போய்ப் பகலெல்லாம் மிஷினில் தோல் தைப்பது, தைத்துவிட்டு மறுபடியும் கூடத்துக்கு ஓடுவது, வந்து பாத்திரம் கழுவுவது, கழுவின கையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதையே அவள் மறந்துபோனாள்.

கூடத்தை நடத்திய ஏகாம்பரம் மாஸ்டரும் லேசுப்பட்டவர் இல்லை. லீவு என்ற சொல் அவர் வாயில் வராது. "ஒரு நாளு விட்டா ஒடம்பு மறந்துடும்" என்பார். காய்ச்சல் என்று சொன்னால், "ரெண்டு செட் போடு, வேர்த்து எறங்கிடும்" என்பார். கல்யாணத்துக்குக் கையில் கட்டின காப்பை அவிழ்க்காமலே வந்து எடை தூக்கிய மாப்பிள்ளைகள் அந்த ஊரில் உண்டு. கெட்ட மனுஷர் என்று சொல்லிவிடாதீர்கள், பெற்ற பிள்ளையாகத்தான் எல்லாரையும் பார்த்தார். பெற்ற பிள்ளையையும் அவர் இப்படித்தான் பாடாய்ப் படுத்தினார்.

அலுப்பு வீட்டில் படுத்துக்கொண்டதிலிருந்து ரேணுகாவுக்கு அலுப்பே இல்லை. முழங்கால் முனகவில்லை, முதுகு பிடிக்கவில்லை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. முன்பு ஐந்து தரம் தூக்கிவிட்டுக் கம்பியைப் போட்டவள் இப்போது போதும் என்றே சொல்லாமல் தூக்கினாள். "இப்பத்தான் என் பொண்ணு வழிக்கு வந்தா" என்று மாஸ்டர் மீசையைத் தடவிக்கொண்டார்.

வீட்டிலே அலுப்பை முதலில் கண்டுபிடித்தது குணவதி. ரேணுகாவின் புருஷன் லோகநாதனுக்குக் கூடப்பிறந்த அக்கா, இவளுக்கு நாத்தனார், புருஷன் போனபிறகு தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவள், வாய்க்குப் பேர்போனவள். கம்பெனிக்குப் போகாமல் படுத்திருக்கிறாள் என்று நினைத்து, "இன்னாடி இது, பொழுது உச்சிக்கு வந்தாச்சி, மகாராணிக்கு இன்னும் விடியலயா?" என்று போர்வையை இழுத்தாள். அலுப்பு ஒரு கண்ணை மட்டும் திறந்து, "அண்ணி, ஒரு வாய் காப்பி குடேன்" என்றது. குணவதிக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரேணுகா அந்த வீட்டில் காலெடுத்து வைத்த நாள்முதல் அவளிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டதில்லை, இவளும் கொடுத்ததில்லை. கேட்டால் எப்படி மறுப்பது என்று குணவதிக்குத் தெரியவில்லை. கை தானாகப் பாலை அடுப்பில் வைத்தது. டிகாஷனை இறுக்கமாக இறக்கி, சர்க்கரை தூக்கலாகப் போட்டு, ஆற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். அலுப்பு எழுந்து உட்கார்ந்து குடித்துவிட்டு, "நல்லாருக்குது அண்ணி" என்று சொல்லி மறுபடியும் படுத்துக்கொண்டது. குணவதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தான் இழுத்த போர்வையைத் திரும்பப் போர்த்திவிட்டாள்.

லோகநாதன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். காலையில் தன் கையாலேயே பெண்டாட்டியைக் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு வந்தவன், மத்தியானம் சாப்பிட வந்தபோது அவள் வீட்டில் படுத்திருப்பதைப் பார்த்தான். சத்தம் போடவில்லை. "அக்கா, இவளுக்கும் சேத்து சோறு இருக்குதா?" என்று மட்டும் கேட்டான். இருந்தது.

அது தன் அலுப்பு என்று சாயங்காலம் வந்த ரேணுகா சொன்னதும், விஷயம் தெருவில் பரவ எவ்வளவு நேரமாகும்? எதிர்வீட்டுக்காரி கருவேப்பிலை கேட்கிற சாக்கில் வந்து பார்த்தாள், பக்கத்து வீட்டுக்காரி தயிருக்கு உறை கேட்கிற சாக்கில் வந்து பார்த்தாள், அப்புறம் வந்தவர்களுக்குச் சாக்கும் தேவைப்படவில்லை. சிலர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார்கள், சிலர் சாத்துக்குடியோடு. ரேஷன் கடைக்காரர், அலுப்புக்கெல்லாம் தனியாக அரிசி போட ரூல் இல்லை என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினார். பேய் ஓட்டுகிற ஒருவரைப் பக்கத்து ஊரிலிருந்து யாரோ கூட்டிவந்தார்கள். அவர் வேப்பிலையை இரண்டு தட்டு தட்டி, நாடி பிடித்துப் பார்த்து, "அய்யோ, இது பேயில்லம்மா, வெறும் அசதி, இதுக்கு எங்கிட்ட மந்திரமில்ல" என்று சொன்னார். அந்த அறையின் காற்றே கண்ணைச் சொக்கவைக்க, உடுக்கையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அங்கேயே சாய்ந்தவர் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் எழுந்தார். இப்படித் தூங்கி எத்தனை காலம் ஆயிற்று என்று சொல்லித் தட்சணைகூட வாங்காமல் போனார்.

அது போதாதா? மத்தியானச் சாப்பாடு ஆனதும் மேட்டுத் தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். அலுப்பைச் சுற்றி வரிசையாகப் படுத்தார்கள். டிவி சீரியலை யாரும் பார்க்கவில்லை, அதில் வரும் மாமியார்கள் கேட்பாரில்லாமல் கத்திக்கொண்டிருந்தார்கள். காய்கறி வண்டிக்காரர் தெருமுனையிலேயே ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து ஒவ்வொரு ஜன்னலாகப் போய் "வெண்டைக்கா இருக்குது" என்று ரகசியம் சொன்னார். சாயங்காலக் காப்பி தாமதமாகிறது என்று முதலில் முணுமுணுத்த ஆண்கள், தூங்கி எழுந்த பெண்டாட்டி சிரித்த முகத்தோடு காப்பி கொடுத்ததைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

இப்படித் தெருவே அலுப்பைத் தாங்கு தாங்கென்று தாங்கிக்கொண்டிருக்க, ரேணுகாவுக்கு வேறொரு சங்கடம் தொடங்கியது. அவள் தூக்கத் தூக்க எடை கூடவில்லை, குறைந்தது. ஆவணி பிறக்கையில் எழுபதோடு நின்றாள். ஆவணி முடிகையில் நாற்பது. அலுப்பு இல்லாததால் அவள் நிறுத்தவே இல்லை, நிறுத்தாமல் தூக்கியும் கையில் சதை ஏறவில்லை, ஜாக்கெட் தோளில் தொளதொளத்தது. ஏறவேண்டிய சதையெல்லாம் எங்கே போனது? பாயில் படுத்திருந்தவளிடம் போனது. இவள் காலையில் தோளுக்குப் பயிற்சி செய்தால் மத்தியானத்தில் அவள் தோள் திரண்டது. இவள் சாயங்காலம் தொடைக்குச் செய்தால் மறுநாள் அவள் தொடை உரல்மாதிரி ஆனது. அலுப்பு ஒரு வேலையும் செய்யவில்லை. சாப்பிட்டது, புரண்டது, தூங்கியது, அழகானது.

ஒருநாள் கம்பெனியில் கரண்ட் போனதால் ரேணுகா சீக்கிரம் வீட்டுக்கு வந்தாள். லோகநாதன் அலுப்பின் காலைத் தன் மடியில் போட்டு, தேங்காயெண்ணெய் தடவி, குதிகாலை இதமாக அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தான். ரேணுகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எனக்கு ஒரு நாளாவது இப்படி அமுக்கிவிட்டிருக்கியாய்யா நீ?"

லோகநாதன் தலை நிமிர்ந்தான். அவன் முகத்தில் திருட்டுத்தனம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "நீ எப்பம்மா காலை நீட்டின?" என்றான்.

ரேணுகா சமையலறைக்குப் போய், காய்ந்துபோயிருந்த பாத்திரங்களை மறுபடியும் கழுவினாள்.

அலுப்பின் தோளைப் பற்றிக் கேள்விப்பட்டு ஏகாம்பரம் மாஸ்டரும் ஒருநாள் வந்தார். சாணால் அதன் புஜத்தை அளந்தார், வாயைப் பிளந்தார், உடனே ஆட்டோவில் ஏற்றச் சொன்னார். கொட்டாவி விட்டுக்கொண்டே வந்த அலுப்பின் முன்னால் எண்பத்தைந்து கிலோவை மாட்டி வைத்தார்கள். அது அரைக்கண்ணோடு குனிந்தது, எடுத்தது, கழுத்தில் ஏந்தியது, தலைக்கு மேலே நிறுத்தியது. நிறுத்தி அப்படியே நின்று மெல்லக் குறட்டை விட்டது. கூடமே கை தட்டிற்று. மாஸ்டர் கண்ணில் தண்ணீர். கை தட்டாமல் நின்றவர்கள் இரண்டே பேர்: கம்பியின் ஒரு முனைப் பக்கம் லோகநாதன், மறு முனைப் பக்கம், உள்ளங்கையில் வெள்ளைப் பொடி பூசியபடி, ரேணுகா.

"சேலத்துக்கு இவளையே கூட்டிட்டுப் போயிடலாம்" என்றார் மாஸ்டர். "பேரு ஒண்ணு, மொகம் ஒண்ணு."

"எனக்கு வேணாம் மாஸ்டர்" என்றது அலுப்பு, கம்பியைக் கீழே வைத்துவிட்டு. "தூக்கணும்னு எனக்கு ஆசையே இல்லயே. நான் வீட்டுக்குப் போறேன்."

மாஸ்டர் கெஞ்சினார். முட்டை வாங்கித் தருகிறேன் என்றார், கறி வாங்கித் தருகிறேன் என்றார். அலுப்பு ஆட்டோவின் பின்சீட்டில் போய்ச் சுருண்டுவிட்டது. அவர் ரேணுகாவைத் தனியே கூப்பிட்டார். "தீபாவளி முடிஞ்சதும் போட்டி. அதுக்குள்ள அவ மனசை மாத்தும்மா. இல்லன்னா இந்த வருஷம் நம்ம ஊர்லேருந்து யாரும் போவல. உன்னை எப்படிக் கூட்டிட்டுப் போவேன்? நேத்து வெறுங்கம்பியவே நீ திணறித் திணறித்தான் எடுத்தே."

அவர் சொன்னது பொய்யில்லை. ஆசையெல்லாம் இவளிடம் இருந்தது, பலமெல்லாம் அவளிடம் இருந்தது. இவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான், இன்னும் தூக்குவது. தூக்கினாள். புரட்டாசி முழுக்கத் தூக்கினாள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், மோதிரம் விரலில் நிற்காமல் கழன்று விழும் அளவுக்குத் தூக்கினாள்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

அன்றைக்கு நாகலேரியில் எதுவும் வேலை செய்யாது. ஷூ கம்பெனியின் தையல் மிஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்து, மாலை போட்டு, மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார்கள். லோகநாதன் ஆட்டோவைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். அரிவாள்மனை பூஜையில் இருந்தது, கத்தரிக்கோல் பூஜையில் இருந்தது, சுத்தியலும் திருப்புளியும் தராசும் பூஜையில் இருந்தன, முடிதிருத்துகிறவரின் சீப்புகூடக் குங்குமத்தோடு சாமி படத்துக்கு முன்னால் படுத்திருந்தது. ரேணுகா வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தாள். காய் நறுக்கக் கத்தி இல்லை, தைக்க மிஷின் இல்லை. கையை எங்கே வைப்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை. பொறுக்கமுடியாமல் பயிற்சிக் கூடத்துக்குப் போனாள்.

கூடம் சாம்பிராணிப் புகையில் மணத்தது. கம்பிகளை எண்ணெய் போட்டுத் துடைத்து, நுனி வாழையிலையில் கிடத்தி, சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமந்திச் சரம் சுற்றியிருந்தது. மாஸ்டர் சரிகை வேட்டியில் உட்கார்ந்து வந்தவர்களுக்கெல்லாம் பொரியும் கடலையும் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ரேணுகா நேராகப் போய்க் கம்பியின் மேல் கை வைக்கக் குனிந்தாள்.

"ஏய், ஏய், தொடாத!" என்று மாஸ்டர் பதறி எழுந்தார். "நாளைக்கிக் காலைல வரைக்கும் யாரும் தொடக்கூடாது."

"ஒரே ஒரு செட் மாஸ்டர்."

"வருஷம் பூரா தூக்கித் தூக்கிப் போட்டோமே, ஒரு நாளு கெடக்கட்டும்மா. பாவம் இல்லையா அதுங்க?"

அதை அவர் அவ்வளவு பிரியமாகச் சொன்னார். ரேணுகா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "இரும்பைப் பாத்துப் பாவம்ன்றீங்களே மாஸ்டர்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் மளமளவென்று வழிந்தது.

மாஸ்டரின் கை பொரிப் பைக்குள்ளேயே நின்றுபோயிற்று. பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தார். கம்பிகளுக்கு வைத்ததுபோலவே அவளுடைய இரண்டு முன்கையிலும் சந்தனத்தைத் தீற்றினார், நடுவே குங்குமம் வைத்தார், தோளில் ஒரு முழம் சாமந்தியைப் போட்டார். "போ தாயே" என்றார். "உன்னையும் யாரும் தொடக்கூடாது."

கையில் சந்தனமும் தோளில் சரமுமாக ரேணுகா மேட்டுத் தெருவில் நடந்து வந்தபோது, ஒருத்தருக்கும் விளக்கம் சொல்லவேண்டி இருக்கவில்லை. பூஜையில் வைத்த ஆயுதத்தை யார் வேலை வாங்குவார்கள்? சுண்டல் கிண்டக் கூப்பிட வந்த எதிர்வீட்டுக்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனாள். குணவதி வாசலில் நாற்காலியைப் போட்டு, துடைப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு, குறுக்கே உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே அலுப்பு வழக்கம்போலப் பாயில் கிடந்தது. ரேணுகா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என் பலத்தை எடுத்துக்கிட்டியே" என்றாள்.

"நான் எங்க எடுத்தேன்?" என்றது அலுப்பு. "நீ தெனம் ஒழைச்சிச் சம்பாரிச்ச, வாங்கிக்கத்தான் வீட்டுக்கு வரவே இல்ல. கெட்டுப்போயிடக் கூடாதேன்னு நான் வாங்கி வெச்சிருக்கேன். இம்மாம் பாரத்தை ஒருத்தியே வெச்சிக்கினு எனக்கு மட்டும் சொகமா?"

"குடுத்துடு."

"படு, குடுக்கறேன்."

ரேணுகா படுத்தாள். படுத்ததும் பயம் வந்தது. அடுப்பை அணைத்தோமா, கதவைச் சாத்தினோமா, உடம்பு மறந்துவிடுமா என்று ஒவ்வொன்றாக நெஞ்சுக்குள் எழுந்து நின்றது. எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு பயம் இருந்தது. "தூங்கி எழுந்திரிக்கிறது யாரு? நீயா, நானா?" என்று கேட்டாள்.

அலுப்பு யோசித்தது. "யாருக்குப் பசிக்குதோ அவ எழுந்திருப்பா" என்று சொல்லி, தடித்த கையை நீட்டி அவள் தலைக்கு அணைவாகக் கொடுத்தது. ரேணுகா அழுதுகொண்டே தூங்கிப்போனாள்.

அந்தத் தூக்கத்தை மேட்டுத் தெரு சாமான்யமாகக் காக்கவில்லை. பூசணிக்காயை உடைக்காமல் கத்தியால் அறுத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் பூஜையில் வைத்த கத்தியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு. பட்டாசு வாங்கின பையன்களை ஏரிக்கரைப் பக்கம் விரட்டினார்கள். அம்மன் ஊர்வலம்கூட அந்த வீட்டைத் தாண்டுகிறவரைக்கும் மேளம் நாயனமில்லாமல், வெறும் காலடிச் சத்தத்தோடு போயிற்று. கோயில்காரர்கள் அதற்குக் கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. லோகநாதன் ஆட்டோவைக் கிளப்பாமல் தெருக் கோடிவரைக்கும் தள்ளிக்கொண்டே போனான்.

விஜயதசமி மத்தியானம் "அண்ணி, பசிக்குது" என்று ஒரு குரல் கேட்டது. குணவதியும் லோகநாதனும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். பாயில் ஒருத்திதான் இருந்தாள். எழுந்து உட்கார முயன்றவள் "அய்யோ அம்மா" என்று இடுப்பைப் பிடித்தாள். தோள் வலித்தது, தொடை வலித்தது, உள்ளங்கால் வலித்தது, ஒரு வருஷத்து வலி முழுக்கத் திரும்பி வந்திருந்தது. அந்த வலியில் அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்துத்தான் இவள் ரேணுகா என்று லோகநாதன் தெரிந்துகொண்டான். கையைப் பிடித்துத் தூக்கிவிட்டவன், அந்தக் கை தன் கையைவிடக் கனமாக இருப்பதைக் கண்டு வெட்கப்பட்டுச் சிரித்தான்.

மாஸ்டர் அதற்கப்புறம் மாறிவிட்டார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். "இன்னிக்கு வேணாம் மாஸ்டர், ஒடம்பு கேக்குது" என்று ரேணுகா சொல்லும்போதெல்லாம் அவர் முகம் வேப்பெண்ணெய் குடித்ததுபோலத்தான் ஆனது. ஆனாலும் "போ, போய்ப் படு" என்று சொல்லப் பழகிக்கொண்டார். அவள் படுத்தெழுந்து வந்த மறுநாளெல்லாம் கம்பியில் கொஞ்சம் கூடவே மாட்டவேண்டி இருந்ததை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

தீபாவளி முடிந்து சேலத்துக்கு இரண்டு வேனில் போனார்கள். எண்பத்தைந்து கிலோ என்று ஒலிபெருக்கியில் சொன்னதும் மேட்டுத் தெரு மொத்தமும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது. ரேணுகா குனிந்தாள். எடுத்தாள். கழுத்தில் ஏந்தி நின்றபோது அவள் முகம் சிவந்து, கால் ஒருதரம் ஆடியது. லோகநாதன் கண்ணை மூடிக்கொண்டான். அவன் கண்ணைத் திறந்தபோது கம்பி அவள் தலைக்கு மேலே இருந்தது, கை மடங்கவில்லை, தூக்கியது சரி என்று நடுவர்களின் வெள்ளை விளக்குகள் மூன்றும் எரிந்துகொண்டிருந்தன. மாஸ்டர் யாரென்றும் பார்க்காமல் பக்கத்திலிருந்தவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அவர் வேறு ஜில்லாவின் மாஸ்டர்.

மேடையை விட்டு இறங்கி வந்தவளிடம், "எப்படிம்மா இருக்குது?" என்று நாக்குழற மாஸ்டர் கேட்டார்.

"அலுப்பா இருக்குது மாஸ்டர்" என்றாள் ரேணுகா, முகமெல்லாம் பூரிப்பாக. சொன்னவள் டவலை அரங்கத்தின் ஓரமாகத் தரையில் விரித்து, எல்லார் கண்ணுக்கும் எதிரிலேயே காலை நீட்டிப் படுத்துவிட்டாள்.

மெடல் கொடுக்கத் தலைவர்கள் மேடை ஏறினார்கள். ஒலிபெருக்கி அவள் பேரைக் கூப்பிட்டது, யாரும் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டது. கூட்டத்தின் நடுவிலிருந்து குணவதி எழுந்தாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள், ஒலிபெருக்கிக்கே கேட்கும்படி ஒரு சத்தம் போட்டாள்.

"இன்னாத்துக்குக் கத்தறீங்க? எங்க வூட்டுப் பொண்ணு படுத்திருக்கா. எழுந்ததும் வந்து வாங்கிப்பா."